மோதாத ரயில்கள்

என் பேத்தியின் லேப்டாப்பில் சாயங்காலமானால் பொம்மை ரயில்கள் ஓடும். யாரும் முன்கூட்டி வரைந்து வைத்த பாதை இல்லை. ஒரு பொத்தானைத் தட்டினால் திரை முழுக்கப் புதிதாகத் தண்டவாளம் முளைக்கிறது. ஜெயிக்கவும் தோற்கவும் அதில் எதுவும் கிடையாது. "இதை எதுக்குப்பா உட்கார்ந்து பார்க்கிறீங்க?" என்கிறான் மகன். முப்பது வருடம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவனுக்கு அதில் பார்க்க நிறைய இருக்கிறது.

ஒற்றைத் தடத்தில் எதிரெதிரே இரண்டு வண்டி வந்துவிடக் கூடாது. என் வேலையின் உயிரே அதுதான். பக்கத்து ஸ்டேஷன் சம்மதித்தால்தான் கருவியிலிருந்து டோக்கன் வெளியே வரும். அந்த இரும்புப் பந்தைத் தோல்பையில் போட்டுப் பிரம்பு வளையத்தோடு டிரைவரிடம் நீட்டுவோம். அது கைக்கு வராமல் அவர் வண்டியை எடுக்க மாட்டார். அப்படியும் மழை ராத்திரிகளில் அடிவயிற்றில் ஒரு பயம் இருந்துகொண்டேயிருக்கும்.

திரையில் சிக்னலே இல்லை, ஆனாலும் வண்டிகள் மோதவில்லை. மூன்று நாள் பார்த்த பிறகுதான் காரணம் பிடிபட்டது. மொத்தப் பாதையும் ஒரே மாதிரிச் சதுரத் துண்டுகள். எதிரெதிர் மூலை இரண்டிலும் ஒவ்வொரு கால்வட்டம். அது பக்கத்தின் நட்டநடுவில் போய் முடியும். துண்டை எப்படித் திருப்பி வைத்தாலும் அடுத்ததோடு தடம் சேர்ந்துவிடும். இரண்டு வளைவும் தொட்டுக்கொள்வதில்லை என்பதால் ஒரு தடம் இன்னொன்றைக் குறுக்கே வெட்டாது. வலது ஓரத்தில் மறைகிற வண்டி இடது ஓரத்தில் வரும், மேலே மறைவது கீழே வரும். ஆகவே எல்லாத் தடமும் முடிவில் வளையம்தான். வளையத்துக்கு ஒரு வண்டி. டோக்கன் விதியேதான்! கணினி செய்வது, துண்டு துண்டாகப் பூவா தலையா போட்டுப் பார்ப்பது மட்டுமே.

சதுர ஓடுகளைத் திருப்பித் திருப்பி அடுக்கினால் எத்தனை வடிவம் வரும் என்று 1704-லேயே ஆராய்ந்தவர் பிரெஞ்சுத் துறவி செபஸ்தியான் ட்ரூஷே. கால்வட்டம் போட்ட ஓடு 1987-இல் சிரில் ஸ்டான்லி ஸ்மித் தந்தது. நம் வாசலுக்கும் இந்த வித்தை அந்நியமில்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து, கோலத்துக்குக் கணினி இலக்கணம் எழுதியது 1974-இல்.

பிள்ளைகளைத் திரையோடு கட்டிப்போட எத்தனையோ வந்துவிட்டன. எல்லாம் அடுத்த புள்ளி, அடுத்த பரிசு என்று விரட்டுகின்றன. இந்த ரயில் யாரையும் விரட்டுவதில்லை. பள்ளிக் கணினி வகுப்பின் முதல் பாடமாக இதை வைக்க வேண்டும் என்பேன். அதற்கும் முன்னால் அட்டையில் செய்து பார்க்கட்டும். பழைய கல்யாணப் பத்திரிகையில் 16 சதுரம் வெட்டி, மூலையை மையமாக வைத்துக் காம்பஸால் வளைவு போட்டால் போதும். நாலுக்கு நாலாக அடுக்க 65,536 வழி இருக்கிறது.

நேற்று பேத்தி ஒரு நீல வண்டியின் மேல் விரலை வைத்துக்கொண்டு கூடவே போனாள். திரையெல்லாம் சுற்றி, ஓரங்களில் மறைந்து, நான்கைந்து நிமிடம் ஆயிற்று. நானும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தாத்தா, கிளம்பின இடத்துக்கே வந்துருச்சு!"