கிழட்டு எலிக்கு என்ன வேலை?

போன வாரம் திருவொற்றியூர் தேரடி பக்கம் மாலை நடை முடித்து டீக்கடையில் நின்றபோது ஒரு வாக்குவாதம். "ஐ.எஸ்.எல்., ஐ.எஸ்.எல். என்று குதிக்கிறார்களே, அது என்ன சார்? ஓய்ந்துபோன வெளிநாட்டுக்காரனுக்கு நாம் கொடுக்கிற பென்ஷன்!" என்றார் என் வயது நண்பர் ஒருவர். நானும் பென்ஷன் வாங்குகிறவன்தான். சுருக்கென்றது. அங்கே பதில் சொல்ல வரவில்லை, இங்கே சொல்கிறேன்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். கால்பந்தில் ஓரமாக ஓடுகிறவரைப் பிரெஞ்சில் 'எலியே' என்பார்கள். சிறகு என்ற சொல்லிலிருந்து வந்தது. எங்கள் விளையாட்டு ஆசிரியர் கோட்டோரம் நிற்கும் பையனைப் பார்த்து "எலியே! எலியே!" என்று கத்துவார். தமிழ் வீட்டுப் பிள்ளைகள் நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். சென்னைக்கு வேலைக்கு வந்த பிறகுதான் அதே ஆளை இங்கே 'ரைட் அவுட்', 'லெஃப்ட் அவுட்' என்கிறார்கள் என்று தெரிந்தது.

எண்பதுகளில் எங்கள் அலுவலகத்தில் புதிதாக ஒரு கால்பந்து அணி சேர்த்தார்கள். எல்லாம் இருபது, இருபத்திரண்டு வயதுப் பையன்கள். ரைட் அவுட்டாக மட்டும் முப்பத்தாறு வயது அண்ணன் ஒருவர், வேறு அணியில் ஆடிக் களைத்து வந்தவர். ராயபுரம் பக்கத்து மைதானத்தில் முதல் ஆட்டம். அண்ணன் ஓடவே இல்லை. கோட்டை ஒட்டி நின்றார். அவர் பழைய பேரைக் கேள்விப்பட்டிருந்த எதிரணி பேக்குகள் இரண்டு பேர் அவரிடமே ஒட்டிக்கொண்டார்கள். நடுவில் வாசல் திறந்தது. எங்கள் பையன் ஒருவன் உள்ளே புகுந்து இரண்டு கோல் போட்டான். மறுநாள் நோட்டீஸ் போர்டில் பையன் பெயர்தான் வந்தது. அண்ணன் அதைப் பார்த்துவிட்டு அவனிடம் சொன்னது ஒன்றுதான்: "பந்து வருவதற்கு முன்னாலேயே தலையைத் தூக்கிப் பார்த்துவிடு."

புதிய அணியில் பழைய ஆளுக்கு உள்ள வேலை அதுதான். தன்னால் மற்றவனுக்கு இடம் உண்டாக்குவது, தெரிந்ததைச் சொல்லிவிட்டுப் போவது. அவர் எத்தனை கோல் போட்டார் என்று மட்டும் எண்ணுகிறவர்களுக்கு இது புரியாது.

இப்போது நண்பரின் பென்ஷன் கணக்குக்கு வருவோம். 2014-ல் ஐ.எஸ்.எல். தொடங்கியபோது எனக்குப் பழக்கமான பிரெஞ்சுப் பெயர்கள் வரிசையாக வந்தன. கோவாவுக்கு பிரெஸ், புனேவுக்கு த்ரெசகே, மும்பைக்கு அனெல்கா. நம் சென்னையின் எஃப்.சி.க்கு வந்தவரோ இத்தாலிக்காரர் மத்தராசி. 2006 ஜூலை 9 அன்று பெர்லின் இறுதியாட்டத்தில் எங்கள் ஸிதான் தலையால் முட்டினாரே, அதே மத்தராசி! அந்த ராத்திரி என் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. எட்டு வருடம் கழித்து அவரையே என் ஊர் அணிக்காகக் கைதட்ட வைத்துவிட்டார்கள்.

41 வயதில் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் வந்தார். பழைய வேகம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதல் வருடமே சென்னை லீக் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 33 வயது பிரேசில்காரர் எலானோ 8 கோல் போட்டு அந்தப் போட்டியிலேயே அதிக கோல் அடித்தவரானார். 2006-ன் பிரெஞ்சு அணியில் இருந்த சில்வெஸ்தர் இங்கே மத்தராசியோடு ஒரே சட்டை போட்டார். அவர்களுக்கு இல்லாத பகை எனக்கு மட்டும் எதற்கு? மறு வருடம் மத்தராசி மைதானத்துக்குள் இறங்காமல் வெளியே நின்று சொல்லிக்கொடுத்தார். 2015 டிசம்பரில் கோப்பை வந்தது. இதுவா நண்பரே பென்ஷன்?

ஆனால் நண்பர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆரம்ப வருடங்களில் ஒரு அணி ஆறு வெளிநாட்டவரை ஒரே நேரத்தில் இறக்கலாம். நம் பையன்களுக்கு ஐந்து இடம்தான் மிச்சம். சுவரொட்டியில் முகம் காட்டுவதற்கென்றே ஒரு பெரிய பெயரை வாங்கினால், அந்த இடம் ஒரு பையனுடைய வயிற்றில் அடித்து வாங்கிய இடம். 2017-18-ல் அது ஐந்தானது, 2021-22-ல் நான்கானது. நல்ல காரியம். அதற்காகப் பழையவரே வேண்டாம் என்று ஆகாது. வருகிறவர் வேலை செய்தாக வேண்டும் என்றுதான் அர்த்தம்.

2018 மார்ச் 17-ஐ நினைத்துப் பாருங்கள். பெங்களூரில் பெங்களூரையே 3-2 என்று வென்று சென்னை இரண்டாவது கோப்பையை எடுத்தது. அந்த அணியில் வலது பேக்காக ஸ்பெயின்காரர் கால்டெரோன், வயது 36. நடுக்களத்தில் நம் வியாசர்பாடி தனபால் கணேஷ். கிழவரும் பையனும் ஒரே அணியில் வேலை செய்தால் கோப்பை வரும். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அதே வியாசர்பாடிதான் நந்தகுமார் சேகரையும் கொடுத்தது. அசல் எலியே! டெல்லி, ஒடிசா என்று சுற்றி 2023-ல் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். ஆகஸ்ட் 12 அன்று டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஆட்டத்தின் ஒரே கோலைப் போட்டார். கொல்கத்தா கொண்டாடியது. நாம் டி.வி.யில் பார்த்தோம்.

எனவே கிளப் நடத்துகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பேர்பெற்ற மூத்தவரைத் தாராளமாகக் கொண்டுவாருங்கள். ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: வாரத்தில் இரண்டு மாலை வியாசர்பாடியிலோ காசிமேட்டிலோ பையன்களோடு நிற்க வேண்டும். ரிப்பன் வெட்டிப் படம் எடுத்துக்கொண்டு காரில் ஏறுவது கணக்கில் வராது. இன்னொன்று, மூத்தவர்களைத் தேடி ஐரோப்பாவுக்கே போக வேண்டாம். ரயில்வே, துறைமுகம், வங்கி அணிகளில் ஆடியவர்கள் இந்த வடசென்னைத் தெருக்களிலேயே முழங்கால் வலியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு நாற்காலி போட்டு, ஒரு தொகையும் கொடுத்து, மைதானத்தில் உட்கார வையுங்கள்.

நான் ஓய்வுபெற்ற அன்று மாலை போட்டார்கள், சந்தன மாலை. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. மூன்று மாதம் கழித்து ஒரு பையன் வீடு தேடி வந்தான். இரண்டு மணி நேரம் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது.

கிழட்டு எலிக்கு வேலை இருக்கிறது நண்பரே. கூப்பிடத்தான் ஆள் வேண்டும்.