வரி குறையும் ஸ்காட்ச்: வாங்குகிறவர் அறிய வேண்டியவை

இந்தியாவும் பிரிட்டனும் 2025-ம் ஆண்டு ஜூலை 24-ந் தேதி ஒரு வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஜவுளி, தோல் சாமான், மோட்டார் கார் என்று எத்தனையோ சரக்குகள் அந்த ஒப்பந்தத்தில் அடங்கியிருக்கின்றன. ஆனால் சென்னையில் நண்பர்கள் கூடிய இடங்களில் அதிகமாகப் பேசப்பட்டது ஒரே ஒரு சரக்கைப் பற்றித்தான். அது ஸ்காட்ச் விஸ்கி. அதன்மீது இருந்த 150 சதவிகித சுங்க வரி, ஒப்பந்தம் அமலுக்கு வரும்போது 75 சதவிகிதமாகும்; பிறகு படிப்படியாகக் குறைந்து பத்தாம் ஆண்டில் 40 சதவிகிதத்துக்கு வந்துவிடும் என்பது ஏற்பாடு.

கோட்டூர்புரம் போன்ற பேட்டைகளில் இச்செய்திக்குத் தனி மதிப்பு உண்டு. ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர்கள், பேராசிரியர்கள், கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் இளைஞர்கள் எனப் பலதரப்பட்டவர்களும் அங்கே வசிக்கிறார்கள். பிள்ளையோ பெண்ணோ கடல் கடந்து போகாத வீடு குறைவு. விமான நிலையத்தில் வரியில்லாமல் ஒருவர் கொண்டு வரக்கூடிய 2 லிட்டர் மது, ஊருக்கு வருகிறவர்களின் பெட்டியில் பல சமயம் இடம் பெறுகிறது. "பன்னிரண்டு வருஷத்துச் சரக்கு, மாமா!" என்று மாப்பிள்ளை பெருமையோடு நீட்டுவார். "பதினெட்டு வருஷம் கிடைக்கவில்லையா, மாப்பிள்ளை?" என்று மாமனார் விசாரிப்பார். புட்டிக்குள் இருப்பது என்ன, அந்தப் பன்னிரண்டு எதைக் குறிக்கிறது என்பது இருவருக்கும் தெரிந்திருப்பது அபூர்வம்.

இந்த அறியாமைக்குக் காரணம் உண்டு. 1937-ல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் தொடங்கிய மதுவிலக்கு 1948-ல் சென்னை மாகாணம் முழுவதும் பரவியது; 1971-ல்தான் தளர்ந்தது. அதன் பிறகும் இறக்குமதிக் கட்டுப்பாடு நீடித்தது. அளவுக் கட்டுப்பாடுகள் நீங்கியது 2001 ஏப்ரலில். ஆக, இரண்டு மூன்று தலைமுறைக்கு ஸ்காட்ச் என்பது கிடைத்தற்கரிய பொருளாக இருந்தது. கிடைத்தற்கரிய பொருளை யாரும் ஆராய்ந்து வாங்குவதில்லை. கிடைத்ததே பெருமை என்று வைத்துக் கொள்வார்கள். இனி நிலைமை அப்படியிராது. சரக்கு பெருகும், பெயர்கள் பெருகும், விளம்பரமும் பெருகும். ஆகவே வரியைப் பற்றிய பேச்சோடு, தேர்ந்தெடுப்பதைப் பற்றிய அறிவும் வந்தாக வேண்டும்.

பாதி வரி, பாதி விலையா?

முதலில் ஒரு மயக்கத்தைப் போக்கிவிடலாம். வரி பாதியானால் விலையும் பாதியாகும் என்று பலர் எண்ணுகிறார்கள். கணக்கு வேறு விதமாக இருக்கிறது. உதாரணத்துக்கு, துறைமுகத்தில் வந்திறங்கும் ஒரு புட்டியின் மதிப்பு 500 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். 150 சதவிகித சுங்கம் 750 ரூபாய். அடக்கம் 1,250 ரூபாய். 75 சதவிகிதமானால் சுங்கம் 375 ரூபாய்; அடக்கம் 875 ரூபாய். மிச்சம் 375 ரூபாய். அதே புட்டி கடையில் 3,000 ரூபாய்க்கு விற்றது என்றால், மீதி 1,750 ரூபாய் மாநில வரி, இறக்குமதியாளர் லாபம், கடைச் செலவு ஆகியவற்றில் அடங்கியிருக்கிறது. அது மாறாவிட்டால் புதிய விலை 2,625 ரூபாய். பாதி வரி போய், விலையில் குறைந்தது எட்டில் ஒரு பங்குதான்!

மனித உபயோகத்துக்கான மதுவை ஜி.எஸ்.டி. வரி தொடுவதில்லை. அரசியல் சட்டப்படி மதுவின் மீது கலால் வரியும் விற்பனை வரியும் விதிப்பது மாநிலங்களின் உரிமை. சுங்கம் ஒன்றுதான் மத்திய சர்க்காரின் கையில். எனவே தில்லி விட்டுக் கொடுத்தாலும், மாநிலத் தலைநகரங்கள் எடுத்துக் கொள்ளலாம். இது வெறும் ஊகம் அன்று. 2007-ல் மத்திய சர்க்கார் மதுவின் மீதிருந்த கூடுதல் சுங்க வரியை நீக்கியது. அடுத்த ஆண்டே, மாநிலங்கள் இறக்குமதி மதுவை நடத்தும் முறை பற்றி ஐரோப்பிய சமூகம் உலக வர்த்தக ஸ்தாபனத்தில் புகார் எழுப்பிற்று. மகாராஷ்டிரம், கோவா ஆகியவற்றோடு தமிழ்நாட்டின் பெயரும் அந்தப் புகாரில் இடம் பெற்றது. மறுபுறம், 2021-ல் மகாராஷ்டிர சர்க்கார் ஸ்காட்ச் மீதிருந்த கலால் வரியை 300 சதவிகிதத்திலிருந்து 150 ஆகக் குறைத்தது. மாநிலத்தின் கை எவ்வளவு கனமானது என்பதற்கு இவை அத்தாட்சி. தமிழ்நாட்டிலோ, 2003 முதல் சில்லறை வியாபாரமும் அரசு நிறுவனமான டாஸ்மாக்கிடம் வந்துவிட்டது. வரி விதிப்பவரும் கடைக்காரரும் ஒருவரேயான இடத்தில், விலை எவ்வளவு இறங்கும் என்பது ஒப்பந்தத்தின் ஷரத்துக்களை மட்டும் பொறுத்ததல்ல.

லாபம் யாருக்கு?

ஸ்காட்ச் இந்நாட்டுக்கு இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, ஸ்காட்லாந்திலேயே புட்டியில் அடைத்து வருவது. மற்றொன்று, பெரிய கலங்களில் மொத்தமாக வந்து இங்கே புட்டியில் அடைபடுவது. வாட் 69, டீச்சர்ஸ், 100 பைப்பர்ஸ் முதலிய பெயர்கள் இரண்டாவது வகையில் பிரசித்தம். இவையும் ஸ்காட்ச்தான். விலை குறைவாக இருப்பதால் போலி என்று எண்ண வேண்டியதில்லை.

மூன்றாவதாக ஒரு வகையும் உண்டு. உள்நாட்டு விஸ்கித் தயாரிப்பாளர்கள் சிலர் ஸ்காட்லாந்து மால்ட்டைச் சிறிதளவு வாங்கி, இங்கே வடித்த சாராயத்தோடு கலந்து விற்கிறார்கள். அவர்களுக்கும் இனி மூலப்பொருள் மலியும். லேபிளில் "ஸ்காட்ச் மால்ட் கலந்தது" என்று எழுதியிருந்தால் அது இந்திய விஸ்கி, ஸ்காட்ச் அன்று. இந்திய விஸ்கியில் பெரும்பகுதி, சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயத்தை அடிப்படையாகக் கொண்டது. ஐரோப்பிய நாடுகளின் சட்டம் அதற்கு விஸ்கி என்ற பெயரையே அனுமதிப்பதில்லை. தானியத்திலிருந்து வடித்ததாக இருக்க வேண்டும் என்கிறது.

பெயரை வைத்து நடந்த ஒரு நீண்ட வழக்கு இவ்விடத்தில் நினைவுகூரத் தக்கது. பெங்களூர் கோடே கம்பெனியார் 1968 முதல் "பீட்டர் ஸ்காட்" என்ற விஸ்கியை விற்று வந்தார்கள். அப்பெயர் ஜனங்களை ஏமாற்றும் என்று ஸ்காட்லாந்து விஸ்கி சங்கத்தார் 1986-ல் மனுச் செய்தார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் சங்கத்தாரே வென்றார்கள். ஆனால் 2008 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் கோடே கம்பெனியாருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சங்கத்தார் விஷயம் தெரிந்தும் பல ஆண்டுகள் வாளாவிருந்தது ஒரு காரணம். ஸ்காட்ச் வாங்குகிறவர்கள் படித்தவர்கள், வசதியுள்ளவர்கள், தாம் வாங்குவது இன்னதென்று அறிந்தவர்கள் என்று நீதிமன்றம் கருதியது மற்றொன்று. இது நம்மவர்களுக்குக் கிடைத்த நற்சாட்சிப் பத்திரம்தான். அதற்குத் தகுதியாக நடந்து கொள்வது வாங்குகிறவர் பொறுப்பு.

லேபிளைப் படிக்கும் விதம்

2009-ம் ஆண்டின் பிரிட்டிஷ் விதிகள் ஸ்காட்சுக்குத் தெளிவான இலக்கணம் வகுத்திருக்கின்றன. ஸ்காட்லாந்தில் வடித்து, அங்கேயே ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டுகள் முதிர்ந்திருக்க வேண்டும். சாராயச் சத்து 40 சதவிகிதத்துக்குக் குறையக்கூடாது. தண்ணீரும், நிறத்துக்காகச் சிறிது கருக்கிய சர்க்கரைச் சாயமும் தவிர வேறெதுவும் சேர்க்கக்கூடாது. ஆகவே, நிறம் கறுத்திருந்தால் சரக்கு பழையது என்று நினைப்பது தவறு. சாயமும் அந்த வேலையைச் செய்யும்.

"சிங்கிள் மால்ட்" என்றால் முளைகட்டிய பார்லியிலிருந்து ஒரே வடிசாலையில் தயாரானது என்று பொருள். ஒரே பீப்பாயைச் சேர்ந்தது என்பதல்ல. இது 2012 நவம்பர் முதல் ஸ்காட்லாந்திலேயே புட்டியில் அடைக்கப்பட வேண்டும் என்பது சட்டம். "பிளெண்டட்" என்பது மால்ட்டையும் கோதுமை, மக்காச்சோளம் போன்ற தானிய விஸ்கியையும் கலந்தது. உலகில் விற்கும் ஸ்காட்சில் பெரும்பகுதி இதுவே. கலப்பு என்ற சொல் கேட்டு இழிவாக எண்ண வேண்டாம். காப்பிக் கொட்டையில் பீபரியையும் பிளாண்டேஷனையும் அளவறிந்து கலப்பது எப்படியோ, இதுவும் அப்படி ஒரு கைத்திறன்.

இனி மாமனார் கேட்ட வருஷக் கணக்கு. லேபிளில் 12 என்றிருந்தால், அப்புட்டியில் உள்ள சரக்கிலேயே மிக இளையது 12 ஆண்டுகள் பீப்பாயில் இருந்தது என்று அர்த்தம். புட்டியில் அடைத்தபின் வயது ஏறுவதில்லை. 2010-ல் வாங்கிய 12 வருஷப் புட்டி இன்றும் 12 வருஷச் சரக்கே. வயது கூடினால் விலை நிச்சயம் கூடும். ருசி கூடும் என்பது நிச்சயமில்லை. குளிர்ந்த ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 சதவிகிதம் ஆவியாகிறது. நம் வெயிலில் அது பன்மடங்கு, முதிர்ச்சியும் விரைவு. பெங்களூரின் அம்ருத் கம்பெனி 2004-ல் தன் சிங்கிள் மால்ட்டை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலேயே கொண்டுபோய் அறிமுகப்படுத்தியது. குறைந்த வயதுச் சரக்கும் உலக மேடையில் மதிப்புப் பெறும் என்பதை அது காட்டிற்று.

நாவுக்கு எது?

எப்போதாவது அருந்துகிறவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, புகை வாசனை பிடிக்குமா என்பது. ஸ்காட்லாந்தின் ஐலா தீவில், பார்லியைச் சதுப்பு நிலத்துக் கரிமண்ணான பீட் எரித்து உலர்த்தும் வழக்கம் உண்டு. லஃப்ராய்க், ஆர்ட்பெக் போன்றவற்றில் அந்தப் புகையும் ஆஸ்பத்திரி மருந்து நெடியும் தூக்கலாக இருக்கும். பழகியவர்கள் கொண்டாடுவார்கள், புதியவர் முகம் சுளிப்பார். ஸ்பேசைட் பகுதியின் கிளென்லிவெட், கிளென்ஃபிடிக் ஆகியவை சாந்தமானவை. முன்பு அமெரிக்க பூர்பன் இருந்த பீப்பாயில் முதிர்ந்தது வெனிலா மணமும், ஷெரி ஒயின் இருந்த பீப்பாயில் முதிர்ந்தது உலர்ந்த திராட்சை, பேரீச்சை மணமும் தரும். இந்த விவரம் பெரும்பாலும் லேபிளிலேயே இருக்கும்.

சோடா நிறைய ஊற்றி, வறுவலும் மிளகு சிக்கனும் தின்றபடி அருந்துகிறவருக்கு விலையுயர்ந்த சிங்கிள் மால்ட் வீண் செலவு. நல்ல பிளெண்டட் போதும். மணத்தை அறிய விரும்புகிறவர் சில துளி தண்ணீர் சேர்த்துப் பார்ப்பது நலம். சேர்த்தால் குற்றம் என்பது வெறும் பந்தா. நண்பர் இருவர் சேர்ந்து சின்னப் புட்டியாக வாங்கிப் பார்த்து, பிறகு பெரிய புட்டிக்குப் போவது பணத்தைக் காக்கும். சென்னை வெயிலில் புட்டியை ஜன்னலருகே அலங்காரமாக வைக்கக்கூடாது. இருட்டான அலமாரியில் நிற்க வைக்க வேண்டும். படுக்க வைத்தால் சாராயம் கார்க்கைத் தின்னும். பாதிக்குமேல் காலியான புட்டி, மாதங்கள் செல்லச் செல்ல மணம் இழக்கும். வெளிநாட்டுப் பெயருள்ள காலிப் புட்டியில் உள்ளூர்ச் சரக்கை நிரப்பும் மோசடி இருப்பதால், ரசீதில்லாமல் மலிவாக வருவதை வாங்காதிருப்பதே புத்தி.

மலிவில் மறையும் அளவு

விலை குறையும்போது அளவு கூடுவது மனித இயல்பு. இங்கே அடைத்த விஸ்கியில் வழக்கமாகக் காணும் 42.8 சதவிகிதச் சத்துப்படி, 60 மில்லி கொண்ட ஒரு பெரிய பெக்கில் சுமார் 20 கிராம் சாராயம் இருக்கிறது. பிரிட்டிஷ் வைத்திய அதிகாரிகள் 2016-ல் வகுத்த வரம்பின்படி, வாரம் முழுவதற்கும் அது ஐந்து பெக்கைச் சற்றே தாண்டுகிறது. உலக சுகாதார ஸ்தாபனமோ, ஆபத்தில்லாத அளவு என்று ஒன்று இல்லவே இல்லை என்று 2023 ஜனவரியில் அறிவித்துவிட்டது. ஸ்காட்லாந்துச் சரக்கானாலும் ஈரலுக்கு அந்தப் பேதம் தெரியாது. அருந்திவிட்டு வண்டி ஓட்டி முதல் முறை பிடிபட்டாலே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்பது சட்டம். தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்பதும் குற்றம்.

கோட்டூர்புரத்தின் ஊடே செல்லும் சாலைக்குக் காந்தி மண்டபம் சாலை என்று பெயர். அந்த மண்டபத்தின் பக்கத்திலேயே ராஜாஜிக்கும் நினைவாலயம் இருக்கிறது. மதுவே கூடாது என்ற அவர்களுடைய கட்சியை ஏற்கிறவர்களுக்கு இந்த ஒப்பந்தத்தால் லாபமுமில்லை, நஷ்டமுமில்லை. அருந்துவது என்று முடிவு செய்தவர்களுக்கோ, வரிக் குறைப்பைவிட நிச்சயமான லாபம் ஒன்று கையிலேயே இருக்கிறது. வருஷத்துக்கும், நிறத்துக்கும், பெயருக்கும், அட்டைப் பெட்டிக்கும் கொடுக்கும் பணத்தை நிறுத்தி, தம் நாவுக்குப் பிடித்ததை, அளவோடு, லேபிளைப் படித்து வாங்குவதுதான் அது. அதற்கு எந்தச் சர்க்காரும் வரி போட முடியாது.