“எங்க வீட்டுல உப்பு கம்மிதான் டாக்டர்!”

பலதுறை மருந்தகத்தில் அம்மா இப்படிச் சொன்னபோது அப்பாவும் தலையாட்டினார். அப்பாவின் ரத்த அழுத்தம் 160ஐத் தாண்டியிருந்தது. தலைவலி இல்லை, மயக்கம் இல்லை. “எனக்கு ஒண்ணும் இல்லையே” என்றார். உயர் ரத்த அழுத்தத்தின் சிக்கலே அதுதான். பெரும்பாலும் அது சொல்லிக்கொண்டு வருவதில்லை.

வீட்டுக்கு வந்ததும் சமையலறையைச் சுற்றிப் பார்த்தேன். அம்மா பொய் சொல்லவில்லை. சாம்பாரில் உப்பு அளவாகத்தான் இருந்தது. ஆனால் குளிர்பதனப் பெட்டியில் இரண்டு வகை ஊறுகாய். அலமாரியில் அப்பளம், மோர்மிளகாய், கருவாடு, சோயா சாஸ், மிளகாய் சாஸ். எனக்காக நூடல்ஸ் பொட்டலங்கள். இவற்றையெல்லாம் நாங்கள் உப்புக் கணக்கில் சேர்த்ததே இல்லை.

உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்கும் கீழே. அதாவது ஒரு தேக்கரண்டி. அதில் சுமார் 2,000 மில்லிகிராம் சோடியம் இருக்கும். சிங்கப்பூரில் 2022ல் நடந்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி, நாம் சராசரியாக 3,620 மில்லிகிராம் சோடியம் சாப்பிடுகிறோம். ஏறக்குறைய இரண்டு மடங்கு! பல நூடல்ஸ் பொட்டலங்களில் ஒன்றைச் சாறோடு குடித்து முடித்தாலே ஒரு நாள் அளவில் பாதிக்கும் மேல் போய்விடும்.

உப்பு கூடினால் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்தத்தின் அளவு கூடும், குழாய்களில் அழுத்தம் ஏறும். ஆண்டுக்கணக்கில் அந்த அழுத்தத்தை எதிர்த்து வேலை செய்யும் இதயம் களைத்துப்போகும். மாரடைப்பு, பக்கவாதம் எல்லாம் அதன் பிறகு வருபவை.

குறைத்தால் பலன் உண்டா? சீனாவில் 600 கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேரிடம் நடத்திய ஆய்வு 2021ல் வெளியானது. ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்கள், 60 வயதைத் தாண்டி உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதில் பங்கேற்றனர். பாதிக் கிராமங்களில் சாதாரண உப்புக்குப் பதிலாக, கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு கொடுக்கப்பட்டது. சுமார் ஐந்து ஆண்டுகளில் அங்கே பக்கவாதம் 14 விழுக்காடும், மரணம் 12 விழுக்காடும் குறைவாக இருந்தன. மாற்றியது உப்பை மட்டும்தான்.

இந்த உப்பு நம் பேரங்காடிகளிலும் கிடைக்கிறது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இது ஆபத்தாகலாம். சில ரத்த அழுத்த மாத்திரைகளுடனும் ஒத்துவராது. மருத்துவரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

2027 நடுவிலிருந்து பொட்டலமிட்ட உப்பு, சாஸ், நூடல்ஸ் போன்றவற்றுக்கும் நியூட்ரி-கிரேட் முறை வரும் என்று சுகாதார அமைச்சு அறிவித்துள்ளது. அதுவரை பொட்டலத்தின் பின்பக்கத்தில் ‘சோடியம்’ என்ற வரியைத் தேடிப் படிக்கலாம். உணவங்காடி நிலையத்தில் “சாஸ் கம்மியா” என்று கேட்கலாம், நூடல்ஸ் சாற்றைக் கிண்ணத்திலேயே விடலாம்.

எங்கள் வீட்டில் ஊறுகாய் இப்போது ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி. முதல் இரண்டு வாரம் அப்பா, “ரசம் சப்புன்னு இருக்கு” என்று முகம் சுளித்தார். அம்மா மிளகையும் எலுமிச்சையையும் கூட்டிச் சமாளித்தார். நாக்கு பழகச் சில வாரங்கள் ஆகும்.

போன வாரம் வெளியே சாப்பிடப் போனோம். முதல் வாயிலேயே அப்பா தட்டைத் தள்ளி வைத்தார். “என்னம்மா, இவ்வளவு உப்பு போட்டிருக்காங்க!”