குளக்கரையில் மியூசியம்: யாருக்காக? யார் காசில்?

நலிந்துபோன நகரங்களுக்கு உயிர் கொடுக்க ஒரு புது மருந்து கண்டுபிடித்திருக்கிறார்கள். ஊர் நடுவே இருக்கும் ஆற்றங்கரையையோ குளக்கரையையோ துப்புரவாக்க வேண்டும். கல் பாவ வேண்டும். விளக்குப் போட வேண்டும். அங்கே ஒரு பெரிய மியூசியத்தைக் கட்டிவிட வேண்டும். வெளியூர்க்காரர்கள் வருவார்களாம், காசு புழங்குமாம், வேலை கிடைக்குமாம், ஊர் செழிக்குமாம்! ஐரோப்பாவில் பேர் வாங்கிய இந்த யோசனை பம்பாய்க்கு வந்தது, ஆலப்புழைக்கு வந்தது. கோவைக் குளக்கரைகளிலும் திருப்பூர் நொய்யல் கரையிலும் அதன் பாதி உருவம், மியூசியம் இல்லாமல், வந்து நிற்கிறது. நாளைக்கு அமராவதிக் கரைக்கும் திருமூர்த்தி அணைக்கும் வரலாம்.

உடுமலை வட்டாரத்துப் பஞ்சாலைத் தொழிலாளியும், பண்ணையத்தில் கூலி வேலை செய்யும் ஏழை மக்களும், "இது படித்தவர்கள் சமாச்சாரம், நமக்கென்ன?" என்று இருந்துவிடலாமா? கூடாது. கரை யாருடையது, காசு யாருடையது, உள்ளே வைக்கப்போகும் கதை யாருடையது என்ற மூன்று கேள்விகளும் நம்மைத் தொட்டே நிற்கின்றன.

நாம் மியூசியத்துக்கு விரோதிகள் அல்ல

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். "சோற்றுக்கு வழியில்லாதவனுக்கு மியூசியம் எதற்கு?" என்று கேட்கும் நண்பர்களும் உண்டு. நாம் அப்படிக் கேட்கமாட்டோம். சோறு கேட்கிற உழைப்பாளிக்குச் சரித்திரமும் வேண்டும். தன் சரித்திரத்தை மறந்த வர்க்கத்துக்குப் பிறர் எழுதிய சரித்திரம்தான் பாடமாகும்.

கீழடியைப் பாருங்கள். மாநில சர்க்கார் தன் கஜானாவிலிருந்து 18 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு, 2023 மார்ச்சில் அங்கே காட்சிசாலையைத் திறந்தது. உள்ளே இருப்பவை ராஜாக்களின் கிரீடங்களா? இல்லை. சாதாரண ஜனங்கள் புழங்கிய பானைகள், அந்தப் பானைகளின்மேல் அவர்கள் கீறிய பெயர்கள், நூல் நூற்ற தக்களிகள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே நூற்றவனும் நெய்தவனும் எழுத்தறிந்திருந்தான் என்று அந்த ஓடுகள் சாட்சி சொல்கின்றன. அவற்றை மண்ணுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்ததில் அந்த வட்டாரத்துக் கூலித் தொழிலாளர்களின் கைகளுக்கும் பங்கு உண்டு. இப்படிப்பட்ட காட்சிசாலையை எந்தப் பாட்டாளி வேண்டாம் என்பான்?

அந்தக் காலத்துச் சென்னை ஜனங்கள் எழும்பூர் மியூசியத்தைச் 'செத்த காலேஜ்' என்றும், மிருகக்காட்சி சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் சொன்னார்கள். வேடிக்கைப் பேச்சுதான். ஆனால் இன்று நாம் கேட்க வேண்டியதும் அதுவே. நமக்குக் கட்டித் தரப்போவது செத்த காலேஜா, உயிர் காலேஜா?

பில்பாவோவின் கணக்கு

ஆற்றங்கரை மியூசியம் என்று பேச்செடுத்தாலே எல்லோரும் ஸ்பெயின் தேசத்தின் பில்பாவோ நகரத்தைக் காட்டுகிறார்கள். அது நம்மைப் போன்ற தொழிலாளிகளின் ஊர். இரும்பாலையும் கப்பல் கட்டும் தளமுமாக நெர்வியோன் நதிக்கரையில் வளர்ந்த ஊர். 1980-களில் ஆலைகளும் தளங்களும் மூடப்பட்டன. தொழிலாளர்கள் தெருவில் இறங்கிப் போலீசோடு மோதினார்கள். பிறகு அதே நதிக்கரையில் 1997-ல் குகன்ஹைம் மியூசியம் திறக்கப்பட்டது. கூட்டம் கூட்டமாக ஜனங்கள் வந்தார்கள், ஊர் பேர் வாங்கியது. அது உண்மை. மறுக்கவில்லை.

ஆனால் காசு எங்கிருந்து வந்தது? கட்டிடத்துக்குச் சுமார் 10 கோடி டாலர், சித்திரங்கள் வாங்க 5 கோடி டாலர், குகன்ஹைம் என்ற பேரை வைத்துக்கொள்வதற்கு 2 கோடி டாலர். இத்தனையும் ஜனங்களின் வரிப்பணம். வருஷா வருஷம் நடத்தும் செலவுக்கும் சர்க்கார்தான் கை கொடுத்தது. தனியார் வந்து ஊரைத் தூக்கி நிறுத்தினார்கள் என்று சொல்லப்படும் கதையின் அடிவேர் பொதுக் கஜானாதான்.

இன்னொன்றும் உண்டு. உலகம் வியக்கும் அந்த மியூசியத்தின் தரையைத் துடைக்கும் பெண்கள் ஒரு காண்டிராக்டரிடம் குறைந்த கூலிக்கு இருந்தார்கள். 2021-ல் வேலைநிறுத்தம் தொடங்கி, ஒன்பது மாதம் மியூசியத்தின் வாசலிலேயே நின்று, கூலி உயர்வை வாங்கிக்கொண்டுதான் உள்ளே போனார்கள். கப்பல் தளத்து உழைப்பாளிக்குப் பதிலாக ஊர் பெற்றது காண்டிராக்டு கூலிகளைத்தான். அந்தப் பெண்கள் சங்கமாக நின்றதால்தான் அவர்களுக்கு நியாயம் கிடைத்தது. மியூசியத்தால் வேலை வரும் என்கிறவர்களிடம் நாம் கேட்க வேண்டியது: என்ன வேலை? யாரிடம் வேலை? என்ன சம்பளம்?

பம்பாய் தரும் பாடம்

பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர்கள் இரண்டரை லட்சம் பேர் 1982 ஜனவரி 18-ந் தேதி வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வருஷக்கணக்கில் பட்டினி கிடந்தார்கள். பிறகு மில்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. மிஞ்சியது நிலம். தங்கத்தைவிட விலை உயர்ந்த நிலம்!

1991-ல் ஒரு விதி போட்டார்கள். மில் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு பொது இடத்துக்கு, ஒரு பங்கு வீட்டு வசதிக்கு, ஒரு பங்குதான் முதலாளிக்கு. கேட்க நன்றாக இருந்தது. 2001-ல் அந்த விதியைத் திருத்தினார்கள்: கட்டிடம் இல்லாத காலி நிலத்தில் மட்டுந்தான் இந்தப் பங்காம்! மில் என்றால் பெரும்பகுதி கட்டிடந்தானே? பொதுமக்களின் பங்கு தேய்ந்து போயிற்று. 2006-ல் சுப்ரீம் கோர்ட்டும் அந்தத் திருத்தத்தை ஏற்றது. பீனிக்ஸ் மில் இருந்த இடத்தில் பணக்காரர்களின் கடைவீதி எழுந்தது.

அதற்கப்புறந்தான் ஜவுளி மியூசியம் என்ற பேச்சு வந்தது. காலாசௌக்கியில் பழைய இந்தியா யுனைடெட் மில் வளாகத்தில், அங்குள்ள குளத்தையும் அழகுபடுத்தி, மியூசியம் அமைக்க மாநகராட்சி திட்டமிட்டது. தறிக்கும் கதிருக்கும் அங்கே இடம் கிடைத்தது. அவற்றை ஓட்டியவர்களின் குடும்பங்களோ வீடு கேட்டு வருஷக்கணக்கில் மனுக்கொடுத்துக்கொண்டிருந்தன. மெஷினுக்கு மண்டபம், மனிதனுக்கு மனுவா? வேலையையும் வீட்டையும் பறித்துவிட்டு நினைவை மட்டும் திருப்பித் தருவதை நாம் மரியாதை என்று ஏற்க முடியாது.

கோவைக் குளங்களில் நடந்தது

நம் ஜில்லாப் பக்கம் வருவோம். கோவையின் உக்கடம் பெரியகுளமும் வாலாங்குளமும் நொய்யலின் நீரைத் தேக்கி வயலுக்குப் பாய்ச்ச வெட்டப்பட்ட குளங்கள். மத்திய சர்க்கார் 2015-ல் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தைத் தொடங்கியது. ஒரு நகரத்துக்கு மத்திய சர்க்கார் தருவதாகச் சொன்னது 500 கோடி ரூபாய் வரை. அதற்கு ஈடாக மாநிலமும் மாநகராட்சியும் போட வேண்டியிருந்தது. 2016 ஜனவரியில் கோவை முதல் பட்டியலிலேயே வந்தது. குளக்கரைகளில் நடைபாதையும் விளக்கும் வந்தன.

திட்டத்தை யார் தீட்டினார்கள்? கம்பெனிச் சட்டப்படி பதிவான ஒரு கம்பெனி. ஜனங்கள் தேர்ந்தெடுத்த மன்றம் எங்கே போயிற்று? 2016 அக்டோபரில் தமிழக நகரசபைகளின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில்! ஐந்து வருஷத்துக்கு மேல் கவுன்சிலரே இல்லாத காலத்தில்தான் குளக்கரையின் தலையெழுத்து எழுதப்பட்டது. கரையில் தலைமுறையாகக் குடியிருந்த கூலிக்காரக் குடும்பங்கள் கீரணத்தம், மலுமிச்சம்பட்டி போன்ற தொலைவிடங்களில் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டன. வீடு கிடைத்தது, சரி. வேலை இருக்குமிடம்? பிள்ளையின் பள்ளிக்கூடம்? தினம் பஸ்ஸுக்குக் கொடுக்கும் காசு? கூலி வாங்கும் கைக்குத்தான் அந்தக் கணக்குத் தெரியும். கரை பளபளத்தது, குளத்துக்குள் சாக்கடை வருவது நின்றபாடில்லை.

காந்திபுரத்தில் மத்தியச் சிறை நிலத்தில் 45 ஏக்கரில் செம்மொழிப் பூங்கா 2025 நவம்பரில் திறக்கப்பட்டது. செலவு 200 கோடிக்கு மேல். பூங்கா வேண்டியதுதான். ஆனால் அந்தச் சிறையின் சரித்திரம் என்ன? வ.உ.சி. செக்கிழுத்த சிறை அது. சின்னியம்பாளையம் தியாகிகள் ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் ஆகிய நான்கு பஞ்சாலைத் தோழர்களை 1946 ஜனவரி 8-ந் தேதி தூக்கிலிட்ட சிறை அது. பூச்செடிக்கு 200 கோடி செலவிடும் நாட்டில், அந்த நான்கு பேரின் கதையையும் தொழிலாளர் பட்ட பாட்டையும் சொல்ல ஒரு நல்ல காட்சிசாலைக்கு வழியில்லையா?

ஆலப்புழை ஒரு வழிகாட்டி

வழி இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் ஆலப்புழை. 1762-ல் துறைமுகம் கண்ட ஊர். 1859-ல் கயிற்றுத் தொழிற்சாலை வந்த ஊர். 1922-லேயே தொழிலாளர் சங்கம் அமைத்த ஊர். 1946-ல் புன்னப்புர-வயலாரில் ரத்தம் சிந்திய மண். துறைமுகம் படுத்தது, கால்வாய்கள் தூர்ந்தன, கிட்டங்கிகள் பாழடைந்தன. இடதுசாரி சர்க்கார் அங்கே ஒரு பாரம்பரியத் திட்டம் போட்டது. கால்வாய்களைத் துப்புரவாக்குவது, பழைய கட்டிடங்களை இடிக்காமல் செப்பனிடுவது, துறைமுகத்துக்கும் கயிற்றுத் தொழிலுக்கும் மட்டுமின்றித் தொழிலாளர் இயக்கத்துக்கும் ஒரு மியூசியம் அமைப்பது என்று தீர்மானித்தது. பொது நிதியில், பொதுக் கட்டிடத்தில், கயிறு முறுக்கியவர்களின் கதை! வேலை எதிர்பார்த்த வேகத்தில் நகரவில்லை என்பதும் உண்மை; கட்டிடம் முடிந்தாலும் நடத்த ஆளும் பணமும் வேண்டியிருக்கிறது. ஆனால் யாருடைய கதைக்கு இடம் என்ற கேள்விக்கு அந்தத் திட்டம் சரியான பதில் சொல்லியிருக்கிறது.

கொங்கு நாட்டுக்கு வேண்டியது

நம் நாட்டுக் கதை சின்னதா? 1888-ல் ஸ்டேன்ஸ் மில், 1930-களில் பைக்காரா மின்சாரம், அதன்பின் தெருவுக்குத் தெரு மில். காட்சிசாலையில் கதிர் இருக்கட்டும். கூடவே பதிலித் தொழிலாளியின் ஷிப்டுச் சீட்டும் இருக்கட்டும். கொடியும் கோரிக்கைச் சீட்டும் இருக்கட்டும். 'சுமங்கலித் திட்டம்' என்ற பேரில் மில் விடுதிகளில் அடைபட்ட இளம் பெண்களின் கதையையும் ஒளிக்காமல் சொல்லட்டும். கவலை இறைத்த காலத்தின் தோல்பறியை வையுங்கள். அதைத் தைத்துக் கொடுத்த அருந்ததியர் கைகளையும், அவருக்கு டீக்கடையில் தனிக் குவளை வைத்த கொடுமையையும் சேர்த்துச் சொல்லுங்கள். 49 கிலோமீட்டர் காண்டூர்க் கால்வாயை மலையைக் குடைந்து வெட்டியவர்களையும், 100 நாள் வேலையில் குளம் தூர்வாரிய பெண்களையும் மறக்காதீர்கள்.

எங்கே வைப்பது? 1974-ல் தேசியமயமாக்கப்பட்ட மில்கள் கோவையில் உண்டு. ரங்கவிலாஸ், பங்கஜா, கம்போடியா, முருகன், கோயமுத்தூர் ஸ்பின்னிங் என்று தேசிய ஜவுளிக் கழகத்தின் மில்களை 2020 மார்ச் ஊரடங்கில் நிறுத்தினார்கள். ஊரடங்கு விலகியது; கதிர் சுழலவில்லை. தொழிலாளர்கள் வருஷக்கணக்கில் வாசலில் நின்று சம்பளம் கேட்டார்கள். சின்னியம்பாளையம் தியாகிகள் வேலை செய்ததும் ரங்கவிலாஸ் மில்லில்தான். எனவே நம் முதல் கோரிக்கை மியூசியமல்ல. மில்லை ஓட்டு, பாக்கியைக் கொடு என்பதுதான். ஓட முடிகிற மில்லுக்குச் சமாதி கட்டி அதன்மேல் காட்சிசாலை வைப்பதற்கு நாம் ஒருபோதும் சம்மதிக்க முடியாது. கிருஷ்ணாபுரம் அமராவதி கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்கும் இதே நியாயந்தான். மில் ஓட வேண்டும். அதன் ஒரு பழைய கட்டிடத்தில் சரித்திரமும் இருக்கலாம்.

பணத்தைப் பற்றியும் பேசுவோம். கட்டுவது கல்யாணச் செலவு. நடத்துவது குடும்பச் செலவு. மின்சாரம், பழுது, காவல், படித்த ஆட்கள் என்று மாதா மாதம் வேண்டும். இதற்கு சர்க்கார் பட்ஜெட்டில் நிரந்தரமாகத் தொகை ஒதுக்க வேண்டும். தொழிலாளர் நல நிதியில் கை வைக்கக் கூடாது. பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டுமென்று 2013-ம் வருஷச் சட்டம் சொல்கிறது. அதில் பாரம்பரியப் பாதுகாப்பும் அடங்கும். கொடுக்கட்டும், வாங்கிக்கொள்வோம். ஆனால் அந்தப் பணத்துக்காக வாசலில் முதலாளி பெயரையும், உள்ளே முதலாளி எழுதிக்கொடுத்த கதையையும் ஏற்கமாட்டோம்.

ஆகவே எந்தக் கரையில் மியூசியம் என்று பேச்சு வந்தாலும், சங்கத்திலும் கிராம சபையிலும் நகரசபை வாசலிலும் நாம் வைக்க வேண்டிய கோரிக்கைகள் இவை:

திட்டத்தின் கணக்கும் வரைபடமும் தமிழில் அச்சாகி, தேர்ந்தெடுத்த மன்றத்தில் விவாதமாக வேண்டும். கரையில் வாழும் ஒரு குடும்பத்தையும், அருகிலேயே வீடு தராமல் அப்புறப்படுத்தக் கூடாது. குளத்தில் சாக்கடை கலப்பது முதலில் நிற்க வேண்டும். வயலுக்குப் போகும் தண்ணீரில், முக்கியமாகக் கடைமடைத் தண்ணீரில், ஒரு சொட்டும் குறையக் கூடாது. உள்ளே வேலை செய்பவர்கள் காண்டிராக்டு கூலிகளாக அல்ல, நிரந்தரச் சம்பளக்காரர்களாக இருக்க வேண்டும். நிர்வாகக் குழுவில் மில் தொழிலாளருக்கும் விவசாயத் தொழிலாளருக்கும் இடம் வேண்டும். உழைப்பாளி குடும்பத்துக்குக் கட்டணம் கூடாது. ஷிப்டு முடிந்து வருகிறவருக்கும் கதவு திறந்திருக்க வேண்டும்.

தோழர்களே! வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய சம்பளச் சீட்டையும், சங்கத்துச் சந்தா ரசீதையும், அப்பச்சி கவலை ஓட்டிய காலத்துத் தோல்பறியின் துண்டையும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பத்திரப்படுத்துங்கள், வயதானவர்களின் வாய்மொழியை எழுதி வையுங்கள். சர்க்கார் கட்டும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு சங்க அலுவலகத்திலும் ஒரு அலமாரி போதும், நம் மியூசியம் அங்கே தொடங்கும். கதை நம் கையில் இருந்தால், நாளைக்குக் கரையில் எழும் கட்டிடத்துக்குள் அதை வைக்கச் சொல்லிக் கேட்கும் உரிமையும் நம் கையில் இருக்கும்.