நாவடிச் சொட்டும் தங்கவயலின் நுரையீரலும்

கஞ்சாச் செடியிலிருந்து பிரித்தெடுக்கப்படும் கன்னாபிடயால் என்னும் சி.பி.டி.யை எண்ணெயில் கரைத்து நாக்குக்கு அடியில் சொட்டாக விட வேண்டும்; ஓரிரு நிமிடம் வைத்திருந்தால் கல்லீரலைத் தொடாமல் நேரே குருதியில் கலந்துவிடும்; விழுங்கினால் வீண், புகைத்தால் நுரையீரலுக்குக் கேடு, ஆகவே நாவடியே உயர்ந்த வழி. விற்பவர் இப்படிச் சொல்வதில் வியப்பில்லை. மருந்தியல் கற்றவர்களும் கருத்தரங்குகளில் இதையே அறிவியல் முடிபு போல எடுத்தோதுவதுதான் கண்டிக்கத்தக்கது. நாவடி என்பது மெய்யான மருந்து வழி. ஆனால் எண்ணெயில் கரைந்த சி.பி.டி.க்கு அந்த வாயில் பெரும்பாலும் திறப்பதில்லை. நாக்குக்கு அடியில் விடப்படும் சொட்டு மிகுதியும் உமிழ்நீரோடு தொண்டைக்குள் இறங்கி வயிற்றையே சேர்கிறது. அது மெதுவாக விழுங்கப்படும் எண்ணெய், அவ்வளவே.

இந்தப் பேச்சை உரசிப் பார்க்கக் கோலார் தங்கவயலைவிடப் பொருத்தமான உரைகல் இல்லை. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் கால்பதித்தது முதல் 2001 பிப்ரவரி 28இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது வரை, வடார்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர், பெரும்பாலும் தலித் மக்கள், மூன்று கிலோமீட்டருக்கும் கீழான ஆழம்வரை இறங்கிப் பாறையைத் துளைத்தனர். அந்தப் பாறையின் சிலிக்காத் தூசு அவர்கள் நுரையீரலில் படிந்தது. இந்தியாவில் சிலிக்கோசிஸ் நோய் முதன்முதலாக முறையாக ஆராயப்பட்டது இங்குதான். 1940 முதல் 1946 வரை 7,653 தொழிலாளரைச் சோதித்ததில் நாற்பது விழுக்காட்டுக்கும் மேலானோரிடம் நோய் காணப்பட்டது. சுரங்கம் மூடிய ஆண்டில் நாற்பது வயதிலிருந்தவர் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார். நோய் சுரங்கத்தோடு மூடப்படவில்லை. இளைப்பு, இருமல், முதுகுவலி, மூட்டுவலி, உறக்கமின்மை ஆகியவற்றோடு சாம்பியன் ரீஃப்பிலும் மாரிக்குப்பத்திலும் வாழும் இத்தகைய முதியவரை மனத்தில் நிறுத்திக்கொண்டு, எந்த வழியில் உட்கொள்வது என்ற கேள்வியைக் கேட்டுப் பார்க்க வேண்டும். நலமான இளைஞர் ஒருவரை வைத்துக் கேட்டால் கிடைக்கும் விடை வேறு.

நாவடி மருந்து தங்கவயலுக்குப் புதிதன்று. நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை அங்குள்ள முதியோர் பலர் சட்டைப் பையில் வைத்திருப்பர். அவ்வகை மருந்துகளுக்கெல்லாம் மூத்தது நைட்ரோகிளிசரின். 1879இல் இலண்டன் மருத்துவர் வில்லியம் மரெல் அதை நெஞ்சுவலிக்குப் பயன்படுத்தி எழுதினார். அதே நைட்ரோகிளிசரின்தான் சுரங்கத்தில் பாறையைப் பிளந்த வெடிமருந்தின் உயிர்ப்பொருள். வெடிமருந்தைக் கையாண்டவர்களுக்கு அது தோல் வழியே புகுந்து மண்டையைப் பிளக்கும் தலைவலியைத் தந்தது. உடலின் எந்த மெல்லிய சவ்வு கிடைத்தாலும் ஊடுருவிவிடும் மூலக்கூறு அது. ஒரு மில்லிலிட்டர் நீரில் ஒரு மில்லிகிராமுக்கு மேல் கரையும். மருந்தாக வேண்டுவதோ அரை மில்லிகிராம் அளவு. எனவே நாவடியில் ஊறும் சிறிதளவு உமிழ்நீரிலேயே முழுதும் கரைந்து, சவ்வைக் கடந்து, ஓரிரு நிமிடத்தில் வேலையைத் தொடங்கிவிடுகிறது.

சி.பி.டி.யின் இயல்பு இதற்கு நேர்மாறானது. ஒரு மில்லிலிட்டர் நீரில் அது ஏறத்தாழ ஒரு மில்லிகிராமின் நூறில் ஒரு பங்கே கரையும். எண்ணெயும் நீரும் அருகருகே இருந்தால் எண்ணெயை விட்டு நகர மறுக்கும். நீர்ப்பக்கம் செல்வது ஏறக்குறைய பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. நாவடிச் சவ்வைக் கடக்க வேண்டுமானால் பொருள் முதலில் உமிழ்நீரில் கரைந்தாக வேண்டும். எண்ணெய்ச் சொட்டுக்குள் குடியிருக்கும் சி.பி.டி.க்கு அந்த முதற்படியே எட்டாப்படி. அதற்குள் வாய் ஊறுகிறது. ஊறியதை மனிதன் விழுங்குகிறான். நைட்ரோகிளிசரினுக்கும் சி.பி.டி.க்கும் உள்ள பொதுப் பண்பு, விழுங்கினால் கல்லீரல் இரண்டையும் பெரிதும் அழித்துவிடும் என்பது. அந்த ஒற்றுமையை மட்டும் எடுத்துக்கொண்டு, நாவடியில் ஒன்று வெல்வதால் மற்றொன்றும் வெல்லும் என முடிவு கட்டுவது தருக்கப் பிழை. முதலாண்டு மாணவர் இப்படி எழுதினால் மதிப்பெண் கிடைக்காது.

தருக்கம் போகட்டும், அளந்து பார்த்த சான்றும் உண்டு. கஞ்சாச் சாற்றை வாயின் உட்சவ்வில் தெளிக்கும் சேட்டிவெக்ஸ் என்ற தெளிப்பான் பல நாடுகளில் ஒப்புதல் பெற்ற மருந்து. அதில் இருப்பது எண்ணெய்கூட அன்று. சவ்வை எளிதில் கடக்கட்டும் என்று சாராயக் கரைசலிலேயே அமைத்தார்கள். 2011இல் அமெரிக்காவில் ஒன்பது பேரிடம், இந்தத் தெளிப்பானையும் விழுங்கும் டி.எச்.சி. மாத்திரையையும் மாற்றி மாற்றிக் கொடுத்துக் குருதியை அளந்தனர். குருதியில் சேர்ந்த டி.எச்.சி. இரண்டிலும் ஏறத்தாழ சமம். உச்ச அளவை எட்டவும் சில மணி நேரம் ஆயிற்று. சவ்வுக்கென்றே வடிவமைத்த மருந்தின் கதை இதுவென்றால், சொட்டுக்குழாயால் விடும் எண்ணெயைப் பற்றி உறுதி கூறுவோர் எந்தச் சான்றின் மேல் நிற்கிறார்கள்?

வழிகளை எண்களால் மட்டும் ஒப்பிட்டால் வெல்வது நாவடியன்று, புகை. விழுங்கிய சி.பி.டி.யில் குருதியைச் சேர்வது ஏறத்தாழ ஆறு விழுக்காடு. புகைத்ததில் சராசரியாக 31 விழுக்காடு என்கிறது 1986இல் ஐந்து பேரிடம் நடத்திய ஆய்வு. ஆனால் அந்த எண்ணைத் தங்கவயலுக்குக் கொண்டுவருவது கொடுமை. தூசால் வடுப்பட்ட நுரையீரலுக்குள் எந்த இலையின் புகையையும் செலுத்தக் கூடாது. ஆவியாக்கி இழுப்பது தூய்மையானது என்போருக்கு 2019ஆம் ஆண்டின் அமெரிக்கப் பாடம் இருக்கிறது: கஞ்சா எண்ணெயில் கலந்த வைட்டமின் ஈ அசிட்டேட்டோடு பெரிதும் தொடர்புடைய நுரையீரல் கேட்டால் 2,807 பேர் மருத்துவமனையை அடைந்தனர் அல்லது இறந்தனர், இறந்தவர் 68 பேர். இந்தியாவில் அதே ஆண்டு வந்த மின்சிகரெட் தடைச் சட்டம், நிக்கோட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பொருளைச் சூடாக்கி உள்ளிழுக்கும் கருவியைத் தடுத்துவிட்டது. தோலில் தடவுவது பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. தடவும் கையின் தேய்ப்பு வலிக்கு இதம் தரும். அந்த இதத்துக்கு நல்லெண்ணெய் போதும்.

ஆக, நடைமுறையில் எஞ்சுவது விழுங்குதல் ஒன்றே. அப்படி ஒப்புக்கொண்டால்தான் உண்மையான கேள்வி கண்ணில் படும்: எந்த உணவோடு? கொழுப்பு மிக்க உணவுக்குப் பின் சி.பி.டி. கரைசலை உட்கொண்டால், வெறும் வயிற்றில் உட்கொள்வதைவிடக் குருதியில் சேரும் அளவு நான்கு மடங்குக்கும் மேல் உயர்கிறது என்பதை 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரு வேறுபாடு வேண்டுமென்றால் இதோ, நான்கு மடங்கு வேறுபாடு. கேழ்வரகுக் களியும் கீரையும் உண்ட திங்கட்கிழமையும் ஆட்டுக்கறி உண்ட ஞாயிற்றுக்கிழமையும் ஒரே சொட்டு எண்ணிக்கையை இரு வேறு மருந்தளவாக்கிவிடும். நாவடியில் அறுபது நொடியா தொண்ணூறு நொடியா என்று கடிகாரம் பார்க்கச் சொல்பவர்கள் சாப்பாட்டுத் தட்டைப் பற்றி வாய் திறப்பதில்லை. பாலிலும் நெய்யிலும் பாங்கைக் கலந்த முன்னோர், காரணம் அறியாவிட்டாலும், வழி அறிந்திருந்தனர்.

மருந்தளவின் நிலையின்மை பழைய நோய்தான். 1839இல் கல்கத்தாவில் ஓஷாக்னெஸ்ஸி கஞ்சாப் பிசினைச் சாராயத்தில் கரைத்து இழுப்பு நோய்களுக்குக் கொடுத்து எழுதியபின், அது ஐரோப்பிய மருந்துக் கடைகளை எட்டியது. ஒரு புட்டியின் வீரியம் அடுத்த புட்டிக்கு இல்லாமையால் மருத்துவர்கள் அதன்மேல் நம்பிக்கை இழந்தனர். அது மருந்து நூல்களிலிருந்து மறைந்ததற்குச் சட்டம் மட்டும் காரணமன்று. இன்றும் அதே கதை: 2017இல் அமெரிக்காவில் இணையவழி வாங்கிய 84 சி.பி.டி. பொருள்களைச் சோதித்தபோது முகப்புச்சீட்டில் கண்டபடி இருந்தவை 26 மட்டுமே. 18 பொருள்களில் போதை தரும் டி.எச்.சி. இருந்தது. இந்தியாவில் நிலை இன்னும் சிக்கலானது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் பூந்தலையையும் பிசினையும் தடுத்து, பூந்தலையோடு சேராத இலையையும் விதையையும் வரையறைக்கு வெளியே விட்டது. அந்த இடைவெளியில் இலைச்சாறு ‘விஜயா’ என்ற பெயரில் ஆயுர்வேத மருந்தாக விற்கப்படுகிறது. இலைச்சாற்றில் டி.எச்.சி.யும் இருக்கும். அதைச் சி.பி.டி. எண்ணெய் என்று பொதுப்படச் சொல்லி, சி.பி.டி. ஆய்வுகளின் மதிப்பை அதற்கு இரவல் தருவது நேர்மையன்று.

சி.பி.டி.க்கு மருத்துவ மதிப்பே இல்லை என்று யாரும் இங்கே வாதிடவில்லை. கடுமையான சிலவகைக் குழந்தைப் பருவ வலிப்புகளுக்கு எபிடியோலெக்ஸ் 2018 ஜூனில் அமெரிக்க ஒப்புதல் பெற்றது. கவனிக்க: அது எள்ளெண்ணெயில் கரைத்து விழுங்கும் மருந்து. நாவடி மந்திரம் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. அதன் அளவு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 20 மில்லிகிராம் வரை செல்லும். அறுபது கிலோ எடையுள்ளவருக்குக் கணக்கிட்டால் 600 முதல் 1,200 மில்லிகிராம். ஆயிரம் மில்லிகிராம் அடங்கிய சிறு புட்டி ஒரு நாளோ இரண்டு நாளோ வரும். ஓய்வூதியம் எண்ணி வாழும் வீட்டில் அந்தப் புட்டியைச் சொட்டுச் சொட்டாக மாதக்கணக்கில் இழுப்பார்கள். அந்தச் சிற்றளவில் பயன் உண்டா? கை மூட்டுத் தேய்வும் சொரியாசிஸ் மூட்டழற்சியும் உடையோரிடம் நாளுக்கு 20 முதல் 30 மில்லிகிராம் கொடுத்து டென்மார்க்கில் நடத்திய ஆய்வு 2022இல் வெளிவந்தது. வலியைக் குறைப்பதில் மருந்தற்ற மாத்திரையைவிட அது மேம்படவில்லை.

இளைப்புக்கோ? முற்றிய நுரையீரல் அடைப்பு நோயாளர் 16 பேரிடம் ஆவியாக்கிய கஞ்சாவைக் கனடாவில் சோதித்து 2018இல் வெளியிட்டனர். உழைப்பின்போது வரும் மூச்சுத்திணறல் குறையவில்லை. நாவடிச் சாற்றைக் கொண்டு 2011இல் வந்த ஒரு சிற்றாய்வும் உண்டு. பங்கேற்ற நோயாளர் பத்துப் பேர்கூட இல்லை. மூச்சுத்திணறலின் அளவு மாறவில்லை, ஆனால் ‘காற்றுப் பசி’ என்ற சொல்லை நோயாளர் குறைவாகத் தேர்ந்தனர். இது ஆராயத் தக்க குறிப்பு. இதைச் சிகிச்சையாக விற்பது வேறு.

எல்லாவற்றையும்விடக் கவலைக்குரியது காசநோய். சிலிக்கா படிந்த நுரையீரலைக் காசநோய் எளிதில் பற்றும். தங்கவயல் குடும்பங்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், கல்லீரலின் நொதிகளை முடுக்கிவிடும். சேட்டிவெக்ஸோடு அதைக் கொடுத்துப் பார்த்தபோது குருதியில் சி.பி.டி.யின் உச்ச அளவு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. வாய்ச் சவ்வில் தெளித்த மருந்தும் கல்லீரலின் கைக்குத் தப்பவில்லை. மறுபுறம் ஐசோனியாசிட், பைராசினமைடு ஆகிய காசநோய் மருந்துகள் கல்லீரலைத் தாக்கக்கூடியவை. உயர் அளவில் சி.பி.டி.யும் கல்லீரல் நொதிகளை உயர்த்தும் என எபிடியோலெக்ஸின் மருந்துக் குறிப்பே எச்சரிக்கிறது. குருதி உறையாமைக்கு வார்ஃபரின் உட்கொள்வோரிடம் அதன் விளைவைச் சி.பி.டி. கூட்டக்கூடும். ‘கல்லீரலைத் தொடாது’ என்ற ஒற்றை வாக்கியத்தை நம்பும் முதியவர், காசநோய் மருந்து தரும் மருத்துவரிடம் சொட்டு மருந்தைப் பற்றிச் சொல்லாமலே இருந்துவிடுவார். சொல்ல வேண்டிய தேவையே அந்த வாக்கியத்தால் மறைந்துபோகிறது. பிழையான மருந்தியல் ஆளைத் தொடும் இடம் இது.

ஓர் எதிர்வாதம் எழும்: சொட்டு விட்டவுடன் இதமாக இருக்கிறது என்கிறார்களே? இருக்கலாம். வலியும் உறக்கமும் எதிர்பார்ப்புக்கு இசையும் புலன்கள். அந்த இதத்தை இகழ வேண்டியதில்லை. ஆனால் அதை நாவடி உறிஞ்சலுக்குச் சான்றாகக் காட்ட முடியாது. குருதியில் அளந்து காட்டுவதே சான்று. மருந்தியல் துறைகள் செய்ய வேண்டிய வேலை அது: இந்நாட்டில் விற்கும் இலைச்சாற்று எண்ணெயை நாவடியில் வைத்து உமிழ்ந்தவர், வைத்து விழுங்கியவர், நேரே விழுங்கியவர் என மூவகையினரிடம், களிக்குப் பின்னும் கறிக்குப் பின்னும் அளந்து காட்டலாம். செலவு மிகுந்த ஆய்வன்று. அதுவரை வகுப்பறையில் நாவடி வழிக்கு எடுத்துக்காட்டாக நைட்ரோகிளிசரினைச் சொல்லலாம், சி.பி.டி. எண்ணெயை அதன் பக்கத்தில் எழுத வேண்டாம்.

மற்றொன்று. ஆயுர்வேத மருந்துகளுக்கான மருந்து விதிகளின் ‘இ’ ஒன்றாம் அட்டவணை, நஞ்சுப் பொருள்களில் பாங்கையும் சேர்த்திருக்கிறது. சித்த மருந்துப் பட்டியலில் கஞ்சாவும் உண்டு. இவை சேர்ந்த உள்மருந்தின் புட்டிமேல் ‘எச்சரிக்கை: மருத்துவக் கண்காணிப்பில் உட்கொள்ள வேண்டும்’ என்ற பொருள்பட அச்சிட வேண்டும் என்கிறது 161ஆம் விதி. எந்த மொழியில்? ஆங்கிலத்திலும் இந்தியிலும். தங்கவயலின் முதியவர் தமிழ் படிப்பார்; சிலர் தெலுங்கோ கன்னடமோ படிப்பார்.