தலைக்காசு வாங்குபவனே நீதிபதியா?

உலகத்தில் சண்டை மூண்ட நாடுகளுக்கு ஐக்கிய நாடுகள் சபை சமாதானப் படைகளை அனுப்பி வருகிறது. 1948-ம் வருஷத்தில் பாலஸ்தீனத்துப் போர்நிறுத்தத்தைக் கவனிக்கச் சிலர் சென்றது முதல், இதுவரை எழுபதுக்கு மேற்பட்ட சமாதானப் பணிகள் நடந்திருக்கின்றன. நீலத் தொப்பி அணிந்து சென்றவர்களில் நாலாயிரத்துக்கு மேற்பட்டோர் பணியிலேயே உயிர் நீத்திருக்கின்றனர். அவர்களுடைய தியாகத்தைக் குறைத்துப் பேச நாம் வரவில்லை. நாம் கேட்க வந்த கேள்வி ஒன்றே ஒன்று: காவலுக்கு வந்தவன் கன்னமிட்டால் அவனை விசாரிப்பவர் யார்? தண்டிப்பவர் யார்?

இக்கேள்வியைக் கேட்ட மாத்திரத்தில், "அவ்வளவு பெரிய சபைக்குச் சட்டதிட்டம் இல்லாமலா இருக்கும்?" என்று சிலர் நம்மை மடக்க வருவார்கள். சட்டம் இருக்கிறது. வேண்டுமளவுக்கு மேலாகவே இருக்கிறது. ஆனால் ஏட்டில் இருக்கும் அந்தச் சட்டத்துக்குக் கை இல்லை என்பதே நமது வாதம்.

முதலில் நடந்த சங்கதிகளைப் பார்ப்போம். 1992, 1993-ம் வருஷங்களில் கம்போடியாவில் நடந்த சமாதானப் பணிக்குத் தலைவராயிருந்தவர் ஜப்பானியரான யாசுஷி அகாஷி. படையினர் அந்நாட்டுப் பெண்களிடம் நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றிப் புகார் வந்தபோது, வாலிபப் பிள்ளைகள் அப்படித்தான் இருப்பார்கள் என்னும் கருத்துப்பட அவர் பதில் சொல்லிப் பெரும் கண்டனத்துக்கு ஆளானார். பன்னிரண்டு வருஷம் கழிந்தது. 2004-ம் வருஷத்தில் காங்கோ நாட்டின் பூனியா நகரில், உள்நாட்டு யுத்தத்துக்குத் தப்பி வந்த ஏழை அகதிகள் தங்கியிருந்த இடத்துக்கு அருகே, சமாதானப் படையினரால் சிறுமிகள் சீரழிக்கப்பட்டனர். விலை என்ன தெரியுமா? ஒன்று முதல் மூன்று டாலர். சில வேளைகளில் காசுகூட இல்லை. ஏதேனும் உணவுப் பொருள். இதை யாரோ விரோதிகள் கட்டிவிட்ட கதை என்று தள்ள இயலாது. சபையின் சொந்த விசாரணையாளர்களே விசாரித்து எழுதிவைத்த செய்தி இது.

பூனியா விவகாரம் வெளிவருவதற்கு முன்னமேயே, 2003-ம் வருஷத்தில், சபையின் பொதுச்செயலாளர் ஓர் உத்தரவு பிறப்பித்திருந்தார். பதினெட்டு வயதுக்குட்பட்டவரோடு உடலுறவு கூடாது. வயது தெரியாது என்பது சாக்காகாது. பணம், வேலை, உணவு, உதவி எதைக் கொடுத்தும் உடலை வாங்கலாகாது என்பது அந்த உத்தரவு. இதைவிடத் தெளிவாக ஒரு விதி எழுத முடியுமா? முடியாது. அப்படியிருந்தும் மறுவருஷமே பூனியாவின் சங்கதி உலகறிந்தது. உடனே ஜோர்தான் நாட்டுப் பிரதிநிதி இளவரசர் செய்த் என்பவரை ஆராயச் சொன்னார்கள். 2005-ம் வருஷத்தில் அவர் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, சமாதானப் பணிகளில் நடத்தையையும் ஒழுங்கையும் மேற்பார்க்கும் இலாகா ஒன்று ஏற்பட்டது.

இந்த இலாகாவின் வேலை என்ன? வருகிறவர்களுக்கு விதிகளைப் போதிப்பது, புகாரை வாங்குவது, அதை எடைபோட்டு உரிய இடத்துக்கு அனுப்புவது, அனுப்பிய புகார் என்னவாயிற்று என்று கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொள்வது. அதில் பணிபுரிவோர் யோக்கியர்களாகவே இருக்கலாம். இரவு பகல் உழைக்கவும் செய்யலாம். ஆயினும் ஒரு சிப்பாயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த அவர்களுக்கு அதிகாரம் உண்டா என்றால், இல்லை. அவர்களிடம் புத்தகமும் பேனாவும் இருக்கின்றன. பூட்டும் சாவியும் வேறொருவரிடம் இருக்கின்றன.

அந்த வேறொருவர் யார்? சமாதானப் பணிக்குச் செல்வோர் ஒரே ஜாதியினர் அல்லர். சம்பளத்துக்கு அமர்ந்த சிவில் உத்தியோகஸ்தருக்கு, 1946-ம் வருஷத்து உடன்படிக்கைப்படி, அவரவர் உத்தியோகக் காரியத்தளவில் வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு. நீதிக்குத் தடையாகுமானால் அப்பாதுகாப்பைப் பொதுச்செயலாளர் விலக்கலாம். போலீஸ்காரரும் இராணுவப் பார்வையாளரும் இன்னொரு வகை. மூன்றாவது வகை, துப்பாக்கியேந்திக் கூட்டம் கூட்டமாக வரும் படையினர். இவர்கள் எந்தக் குற்றம் செய்தாலும் அந்நாட்டு நீதிமன்றம் தொட முடியாது; சபையும் தொட முடியாது. அவர்களை அனுப்பிய அரசாங்கம் ஒன்றே விசாரித்துத் தண்டிக்கலாம். 2007-ம் வருஷத்தில் திருத்திய ஒப்பந்தப்படி, புகார் வந்தால் தான் விசாரிப்பதாகப் பத்து வேலை நாளுக்குள் அவ்வரசாங்கம் தெரிவிக்கவேண்டும். விசாரித்த பின் தண்டிப்பதும் விடுவதும் அதன் சித்தம். சபை செய்யக்கூடியதெல்லாம் ஆளைத் திருப்பி அனுப்புவதும், இனி வேண்டாம் என்று பெயரைக் குறித்துவைப்பதுமே.

இந்த ஏற்பாட்டின் சூட்சுமம் நம் தோட்டத்து மக்களுக்கு விளங்குவது போல் வேறெவருக்கும் விளங்காது. கங்காணி முறை ஒழிந்து எத்தனையோ காலமாயிற்று. ஆனால் அதன் கதையை நம் பாட்டிமார் மறக்கவில்லை. ஆள்கட்டி வந்தவன் கங்காணி. பிரட்டுக்களத்தில் ஆளை நிறுத்தி எண்ணிக் காட்டுபவன் கங்காணி. வேலைக்கு வந்த தலை ஒன்றுக்கு இவ்வளவு என்று தலைக்காசு வாங்குபவனும் கங்காணி. லயத்துப் பெண்ணுக்கு அவனுடைய கையாளால் ஒரு தீங்கு நேர்ந்தால், அவள் முறையிட்டுக்கொள்ள வேண்டியதும் அதே கங்காணியிடம்தான். துரையிடம் போவதானாலும் அவன் வாய் வழியாகத்தான் போகவேண்டும். கையாளைத் தண்டித்தால் தலை ஒன்று குறையும். தலை குறைந்தால் காசு குறையும். நியாயம் எப்படிக் கிடைத்திருக்குமென்று வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம்.

சமாதானப் படையிலும் தலைக்காசு உண்டு. படை அனுப்பும் அரசாங்கத்துக்கு, அதன் செலவை ஈடுசெய்ய, வீரன் ஒருவனுக்கு மாதம் இவ்வளவென்று சபை கொடுக்கிறது. 2018-ம் வருஷத்தில் அத்தொகை 1,428 டாலராக நிர்ணயிக்கப்பட்டது. பணக்கார நாடுகளுக்கு இது காற்காசு. ஏழை நாடுகளின் கஜானாவுக்கோ இது பெரிய வரும்படி. பணக்கார நாடுகள் பணத்தைக் கொடுத்துவிட்டுத் தம் பிள்ளைகளைப் பெரும்பாலும் வீட்டில் வைத்துக்கொள்கின்றன. ஏழை நாடுகள் பிள்ளைகளை அனுப்புகின்றன. அனுப்புவோரைக் கடிந்து பேசினால் நாளைக்கு ஆள் கிடைக்காதே என்று சபை அஞ்சுகிறது. ஆள்கட்டுபவனும் தலைக்காசு வாங்குபவனும் தீர்ப்புச் சொல்பவனும் ஒருவனேயாயிருக்கும் இம்முறைக்குப் பெயர் நீதியா?

பலனைப் பாருங்கள். 2007-ம் வருஷத்தில் ஹைத்தி நாட்டில், இலங்கையிலிருந்து சென்ற படையினரில் நூற்றுக்கு மேற்பட்டோர் சிறுவர் சிறுமியரைக் கெடுத்த குற்றச்சாட்டின்பேரில் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்களில் ஒருவர்கூடச் சிறைக்குச் செல்லவில்லை என்று 2017-ம் வருஷத்தில் ஒரு செய்தி ஸ்தாபனம் ஆராய்ந்து வெளியிட்டது. இலங்கைப் படை என்றவுடன் நம்மவரில் சிலர், "நாம் அப்போதே சொன்னோமே" என்று குதூகலிக்கக்கூடும். அது வேண்டாம். ஹைத்தியின் கொனாயீவ் நகரில் 2012-ம் வருஷத்தில் பதினாலு வயதுப் பையன் ஒருவனைக் கெடுத்தவர்கள் பாகிஸ்தான் போலீசார். மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் பட்டினி கிடந்த சிறுவர்களை உணவு காட்டிக் கெடுத்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் நாகரிகத்துக்குப் பேர்போன பிரெஞ்சுச் சிப்பாய்கள். அவர்கள் சபையின் அனுமதியோடு சென்றவர்களேயன்றிச் சபையின் கட்டளைக்கு உட்பட்டவர்கள் அல்லர். அவ்வழக்கு 2018-ம் வருஷத்தில் பிரெஞ்சு நீதிபதிகளால் தள்ளப்பட்டது. ஆகையால் இது ஓர் இனத்தின் குற்றமன்று; கறுப்பு வெளுப்பு என்ற பேதமும் இதற்கில்லை. கேள்வி கேட்பாரற்ற இடத்தில் ஆயுதமும் ரொட்டியும் ஒரே கையில் இருந்தால் எந்நிறத்தவனும் இதைச் செய்யத் துணிகிறான் என்பதே பாடம்.

புகாரை அமுக்குவதில் மட்டும் சுறுசுறுப்புக்குக் குறைவில்லை. போஸ்னியாவில் சர்வதேசப் போலீசில் பணியாற்றிய கத்ரின் போல்கோவாக் என்னும் அமெரிக்க மாது, பெண்களை விற்கும் கூட்டத்தாரோடு தம் சகாக்கள் சிலருக்கு இருந்த தொடர்பை எடுத்துச் சொன்னார். கிடைத்த வெகுமதி வேலைநீக்கம். 2002-ம் வருஷத்தில் இங்கிலாந்துத் தொழில் நீதிமன்றம் அவர் பக்கமே நியாயம் என்று தீர்ப்பளித்தது. பிரெஞ்சுச் சிப்பாய்களைப் பற்றிச் சிறுவர்கள் சொன்ன வாக்குமூலத்தை 2014-ம் வருஷத்தில் பிரெஞ்சு அதிகாரிகளிடம் சேர்ப்பித்தவர், ஜெனீவாவில் மனித உரிமை அலுவலகத்திலிருந்த ஆண்டர்ஸ் கொம்பாஸ் என்னும் சுவீடன்காரர். சிறுவர்களைக் காப்பாற்றுவதற்கு முன்னால், அவரைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்திவைக்கத்தான் சபைக்கு அவசரம் வந்தது. பிறகு அவர் குற்றமற்றவரென்று முடிவாயிற்று. மனம் வெறுத்த அவர் 2016-ம் வருஷத்தில் ராஜினாமாச் செய்து வெளியேறினார். கனடாவின் முன்னாள் நீதிபதி மரி தெஷாம் தலைமையில் அமைந்த குழு, 2015-ம் வருஷக் கடைசியில், ஸ்தாபனம் முழுவதுமே தன் கடமையில் தவறிவிட்டதென்று கூறிற்று. இதற்குமேல் நாம் என்ன கூறவேண்டும்?

"இப்போது எவ்வளவோ திருந்தியிருக்கிறதே" என்பார்கள். வாஸ்தவம். 2016-ம் வருஷத்தில் பாதுகாப்புச் சபை ஒரு தீர்மானம் செய்து, குற்றம் மலிந்த படைப்பிரிவை முழுவதுமாகத் திருப்பியனுப்ப வழி வகுத்தது. 2021-ம் வருஷத்தில் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசிலிருந்து காபோன் நாட்டுப் படையினர் சுமார் 450 பேரையும் அவ்விதமே வெளியேற்றினார்கள். பாதிக்கப்பட்டோருக்காக வாதாட 2017-ம் வருஷத்தில் ஓர் அதிகாரி நியமனமானார். உதவி நிதியும் ஒன்று உண்டு. ஆனால் அந்நிதி தனியொருத்திக்கு நஷ்டஈடு கொடுப்பதற்கன்று. தையல், கைத்தொழில் முதலான திட்டங்கள் நடத்துவதற்கே. ஹைத்தியில் சமாதானப் படையினருக்குப் பிறந்து தகப்பன் முகம் காணாத குழந்தைகளை, படையின் பெயரையே வைத்து, "குட்டி மினுஸ்தா" என்று ஊரார் அழைக்கிறார்கள். தகப்பனைக் கப்பலேற்றியாயிற்று, பிள்ளைக்குச் சோறு போடுவது யார்? திருப்பியனுப்புவதைத் தண்டனை என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

"ஒரு சிலர் செய்த தவறுக்கு எல்லாரையும் தூற்றலாமா?" என்பது அடுத்த வாதம். அந்தச் சிலரைக் காப்பாற்றுவதால்தான் எல்லாருக்கும் இழுக்கு வருகிறது என்போம். "தூரதேசத்தில் நீதிமன்றம் வைத்து விசாரிப்பது நடக்கிற காரியமா?" என்பது மற்றொன்று. நடந்திருக்கிறதே! மேலே சொன்ன கொனாயீவ் வழக்கில், பாகிஸ்தான் இராணுவ நீதிமன்றம் ஹைத்தியிலேயே கூடி இருவருக்குத் தண்டனை விதித்தது. ஒரு வருஷச் சிறை என்பது அக்கொடுமைக்கு எவ்வகையிலும் போதாது. ஹைத்தி மக்களுக்கு முன்னறிவிப்பும் இல்லாமல் அது நடந்தது. என்றாலும், மனமிருந்தால் நீதிபதி கப்பலேறி வரமுடியும் என்பது நிரூபணமாகிவிட்டது. இளவரசர் செய்த் 2005-லேயே சொன்ன யோசனையும் இதுதான்.

ஆகவே நாம் கோருவது மூன்று. முதலாவது, குற்றம் நடந்த நாட்டிலேயே, பாதிக்கப்பட்டவர் கண்ணெதிரே, அவருக்குப் புரியும் பாஷையில் விசாரணை நடக்கவேண்டும். இரண்டாவது, விசாரணையின் முடிவையும் தண்டனையையும் பகிரங்கமாக வெளியிடாத அரசாங்கத்துக்கு, குற்றவாளி ஒருவனுக்குரிய தொகை மட்டுமல்ல, அப்படைப்பிரிவு முழுவதற்குமான தலைக்காசு நிறுத்தப்படவேண்டும். மூன்றாவது, குற்றத்தை வெளிப்படுத்துவோரைத் தொடும் அதிகாரியே முதலில் வேலை இழக்கவேண்டும்.

இது நமக்கெதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மலாயா சுதந்திரம் பெற்ற சில வருஷங்களிலேயே, 1960-ல், காங்கோவுக்குப் படை அனுப்பிய நாடு இது. பிறகு போஸ்னியாவுக்கும் சோமாலியாவுக்கும் லெபனானுக்கும் நம் வீரர்கள் சென்றனர். அவர்களைப் பயிற்றுவிக்கும் நிலையம் நம் போர்ட்டிக்சனில் இருக்கிறது. சிங்கப்பூரும் தன் பங்குக்கு ஆட்களை அனுப்பியிருக்கிறது. நம் பெயரால், நம் கொடியைத் தோளில் தைத்துக்கொண்டு செல்பவர்கள்மேல் புகார் வந்தால் எங்கே விசாரிப்பீர்கள், முடிவை யாருக்குச் சொல்வீர்கள் என்று நம் சட்டசபைப் பிரதிநிதிகளைக் கேட்பது நமது உரிமை மட்டுமல்ல, கடமையுமாகும். நேர்மையான வீரன் இக்கேள்விக்கு அஞ்சமாட்டான். அவனுடைய மானத்தைக் காப்பதும் இக்கேள்வியே.

கங்காணியிடமே கங்காணியைப் பற்றி முறையிடும் கொடுமை இன்னதென்று அறிந்த மக்கள் நாம். அதே கொடுமை ஹைத்தியிலும் காங்கோவிலும் நீலத் தொப்பி அணிந்து நடக்கும்போது, பிறத்தியார் காரியமென்று வாய்மூடி இருப்போமேயானால், நம் பாட்டிமார் பட்ட பாட்டிலிருந்து நாம் ஒன்றும் கற்கவில்லை என்றே அர்த்தம்.