கிருமிக்குச் சாதி தெரியாதாம்

'கிருமிக்குச் சாதி தெரியுமா?' என்று என்னிடம் கேட்கிறார்கள் படித்தவர்கள். தெரியாதுதான். கிருமி கிடக்கும் சாக்கடையில் யாரை இறக்கணும்னு இந்தச் சாதிச் சமூகத்துக்கு நன்றாகத் தெரியும்.

எலிக்காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். எலி மூத்திரத்தில் வரும் லெப்டோஸ்பைரா கிருமி தண்ணீரில் கலந்து, கால் வெடிப்பு, கைக்கீறல் வழியாக உடம்புக்குள் போகிறது. காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் டாக்சிசைக்ளின், பென்சிலின் போன்ற சாதாரண மருந்துகளே கேட்கும். முற்றவிட்டால் மஞ்சள் காமாலை, சிறுநீரகப் பழுது, சாவு.

சாக்கடைக் குழிக்குள் செத்தால் 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. குழிக்குள் கிடக்கும் பிணத்தை மறைப்பது கஷ்டம். அதே குழியில் தொற்றிய காய்ச்சலில் பத்து நாள் கிடந்து ஆஸ்பத்திரியில் செத்தால்? 'குடிச்சுக் குடிச்சு ஈரல் கெட்டுப்போச்சு' என்று கதையை முடித்துவிடுகிறார்கள். வேலை கொன்ற பழி செத்தவர் தலையிலேயே விழுகிறது.

தொற்று அபாயமுள்ள வேலையில் வரும் தொற்றுநோயை, வேலையால் வந்த நோயாக 1923ஆம் வருஷ இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை ஏற்றிருந்தது. 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் ஏற்கிறது. காண்ட்ராக்டர் இதைச் சொல்லமாட்டான். நாமதான் சொல்லணும்.

தோழர்களே, துப்புரவு வேலை பார்க்கிறவர் காய்ச்சல்னு படுத்தால் கூடவே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்ன வேலை பார்க்கிறார் என்பதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனை முடிவைப் பத்திரப்படுத்துங்கள். கையுறையும் பூட்ஸும் கேட்போம். குழிக்குள் மனுசனை இறக்குவதை நிறுத்தும்வரை போராடுவோம்.